தீனி போட்டவருக்கே குதிரை சொந்தமாகிவிடுமா?

கேள்வி: நான் பத்தாவது படிக்கும்போது, 2015-ல், அப்பா அந்தியூர் சந்தையில் ஒரு செவலைப் பெண் குதிரையை 85,000 ரூபாய்க்கு வாங்கி எனக்கென்று கொடுத்தார். சந்தைச் சீட்டு அப்பா பெயரில் இருக்கிறது. 2019-ல் நான் கோயம்புத்தூர் வந்ததிலிருந்து குதிரை சித்தப்பாவின் தோப்பில் நிற்கிறது. தீவனத்துக்கு மாதாமாதம் கூகுள் பேயில் பணம் அனுப்பினேன். 2023-ல் அப்பா இறந்த பிறகு ஒன்றரை வருடம் அனுப்ப முடியவில்லை. இதற்குள் அது ஒரு குட்டியும் போட்டிருக்கிறது. போன மாசியில் கேட்டதற்கு, "இத்தனை வருசமா தீனி போட்டது நான், குதிரை எனக்குத்தான்" என்றார் சித்தப்பா. ரேக்ளா வண்டியில் கட்டிப் பழக்குகிறார், திருக்கடையூர் பக்கம் ஒருவருக்கு விலை பேசுகிறார் என்றும் சொல்கிறார்கள். குதிரையை மீட்க முடியுமா?
– வாசகி, பாபநாசம் வட்டம்

பதில்: முடியும். தீனி போட்டார் என்பதற்காகக் குதிரை யாருக்கும் சொந்தமாகிவிடாது. நீங்கள் கவலைப்பட வேண்டியது சித்தப்பாவின் வாதத்தைப் பற்றி அல்ல. குதிரை கைமாறுவதும் வழக்குப் போடும் கெடு தாண்டுவதும்தான் உண்மையான ஆபத்து.

சட்டத்தில் குதிரை அசையும் சொத்து. அதைத் தானமாகக் கொடுக்கப் பத்திரம் பதிய வேண்டியதில்லை. சொத்து மாற்றுச் சட்டம் 1882, பிரிவு 123-ன்படி கையில் ஒப்படைத்தாலே போதும். அன்று நீங்கள் மைனர் என்பது இதற்குத் தடையல்ல. சீட்டு அப்பா பெயரில் இருப்பதால், "அது அண்ணன் குதிரை, இவளுக்குக் கொடுக்கவே இல்லை" என்று சித்தப்பா சொல்லக்கூடும். சொல்லட்டும். அப்படியானால் அது அப்பாவின் சொத்து. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன்படி அம்மா, நீங்கள், உடன்பிறந்தவர்கள் இருக்கும்போது அப்பாவின் தம்பிக்கு எந்தப் பங்கும் கிடையாது. அதனால் வழக்கில் இரண்டையும் கேளுங்கள்: முதலில் தானம், அது ஏற்கப்படாவிட்டால் வாரிசுரிமை. அம்மாவையும் உடன்பிறந்தவர்களையும் வாதிகளாகச் சேர்த்து, தாசில்தாரிடம் வாரிசுச் சான்று வாங்கிவிடுங்கள். அப்பாவைப் பெற்ற பாட்டி இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. சித்தப்பா அவரிடம் கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் நீங்கள் போய்ப் பேசிவிடுவது நல்லது.

தோப்பில் நிற்கும் குதிரை, இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன்படி பராமரிப்புக்காக ஒப்படைக்கப்பட்ட பொருள், அதாவது பெயில்மென்ட். குட்டியைப் பற்றிப் பிரிவு 163 தெளிவாகச் சொல்கிறது: வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், ஒப்படைத்த பொருளிலிருந்து வரும் பெருக்கமும் சொந்தக்காரருக்கே. அந்தப் பிரிவின் உதாரணமே பசுவும் கன்றும்தான். ஆகவே தாயோடு குட்டியையும் சேர்த்தே கேளுங்கள். கூலி பேசாமல் பார்த்துக்கொண்டவருக்கு ஆன அவசியச் செலவைப் பிரிவு 158 கொடுக்கச் சொல்கிறது. நீங்கள் பணம் அனுப்பாத ஒன்றரை வருடத்துக் கொள்ளு, தவிடு, வைக்கோல், லாடம், மருந்துக் கணக்கைக் கேட்டு வாங்கி, நியாயமானதைத் தரத் தயார் என்று முதல் நோட்டீஸிலேயே எழுதுங்கள். தீனிக் கடனைத் தரவில்லை என்ற பேச்சு அதோடு அடங்கும். "பணம் வரும்வரை குதிரையைப் பிடித்துவைப்பேன்" என்றால், தீனி போட்டதற்காக அந்த உரிமை வராது. ஒப்படைத்த நோக்கத்துக்காகத் திறனோ உழைப்போ போட்டுச் செய்த வேலைக்குத்தான் பிரிவு 170 இடம் தருகிறது. ரேக்ளாவுக்குப் பழக்கியது உங்களைக் கேட்காமல் செய்தது. அந்தக் கணக்கில் சேராது. மாறாக, சவாரிக் குதிரையை வண்டியில் கட்டி அதன் கால் நரம்பு போனால், அஜாக்கிரதையை நிரூபிக்காமலேயே பிரிவு 154-ன்படி நஷ்டஈடு கேட்கலாம்.

இனி கெடு. காலவரம்புச் சட்டம் 1963, அட்டவணையின் 70-வது இனப்படி, திருப்பிக் கேட்டு மறுக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று வருடம். உங்களுக்கு அது போன மாசியிலேயே ஓடத் தொடங்கிவிட்டது. புது நோட்டீஸ் அனுப்பினால் கணக்கு மறுபடி தொடங்காது. கெடு முடிந்தால் அதே சட்டத்தின் 27-வது பிரிவு சொத்தின் மீதான உரிமையையே அணைத்துவிடும். சொந்தக் குதிரையை இழப்பவர்கள் சாட்சி இல்லாமல் இழப்பதைவிட, 'குடும்ப விஷயம், பேசிக்கொள்ளலாம்' என்று காத்திருந்து இழப்பதே அதிகம்.

கோர்ட்டில் இந்த வழக்கு குதிரையின் அடையாளத்தில்தான் நிற்கும். 'செவலைப் பெண் குதிரை' என்று மட்டும் எழுதினால் வேறொரு செவலையைக் கொண்டுவந்து கட்டிவிடலாம். பழைய படங்களைத் தேடி எடுங்கள். நெற்றி வெள்ளையின் வடிவம், எந்தக் காலில் எதுவரை வெள்ளை, நெற்றியிலும் கழுத்திலும் சுழி எங்கே, எத்தனை, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று எழுதுங்கள். நம் ஊரில் குதிரை வாங்குபவர்கள் ராசிக்காகப் பார்க்கும் இந்தச் சுழிகள் வயதானாலும் இடம் மாறாது. முன்னங்கால் முட்டிக்கு மேல் உட்புறம் இருக்கும் ரோமமில்லாத காய்ப்பின் வடிவமும் குதிரைக்குக் குதிரை வேறு. கழுத்தில் மைக்ரோசிப் போட்டிருந்தால் அதன் 15 இலக்க எண் எல்லாவற்றையும்விட வலு. கூகுள் பே வரலாறு, வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றுக்கும் பாரதிய சாட்சிய அதினியம் 2023, பிரிவு 63-ன் சான்றிதழ் இணைக்க வேண்டும். "தீவனத்துக்கு அனுப்பியாச்சு சித்தப்பா" என்ற ஒரு வரியும் அதற்கு அவருடைய பதிலும் இருந்தாலே, தான் பார்த்துக்கொள்பவர் மட்டும்தான் என்று அவரே ஒப்புக்கொண்டது போல.

இந்த வாரமே வக்கீல் மூலம் ஒப்புகையுடன் நோட்டீஸ் அனுப்புங்கள். விலை பேசுபவருக்கும் ஒரு நகல் போகட்டும். சரக்கு விற்பனைச் சட்டம் 1930, பிரிவு 27-ன்படி சொந்தக்காரரல்லாதவரிடம் வாங்கியவருக்கு நல்ல உரிமை வராது. ஆனால் விற்பது தெரிந்தும் நீங்கள் வாய்மூடி இருந்தீர்கள் என்று அவர் சொல்ல இடம் வைக்கக்கூடாது. காணும் பொங்கல் பந்தயத்தை ஒட்டிக் குதிரைக்கு ஆள் தேடுவார்கள் என்பதால் தாமதிக்காதீர்கள்.

வழக்கை, குட்டியோடு சேர்த்துக் குதிரையின் சந்தை மதிப்பைப் போட்டு, அதற்குரிய சிவில் கோர்ட்டில் தாக்கல் செய்யுங்கள். பணத்தால் ஈடுசெய்ய முடியாத பொருள் என்பதால் குதிரையையே தர வேண்டும் என்று குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் (Specific Relief Act) 1963, பிரிவு 8-ன் கீழ் கேட்கலாம். பத்து வருடப் பழக்கம் இங்கேதான் உதவும். கூடவே இடைக்கால மனுக்கள்: விற்கவும், ஊர் மாற்றவும், பந்தயத்தில் ஓட்டவும் தடை, கால்நடை மருத்துவருடன் அட்வகேட் கமிஷனர் (கோர்ட் நியமிக்கும் வக்கீல்) தோப்புக்குப் போய் அடையாளத்தையும் உடல்நிலையையும் பதிவுசெய்ய உத்தரவு. கமிஷனரோடு வர, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் குதிரை பார்த்துப் பழகிய மருத்துவர் கிடைப்பாரா என்று கேட்டுப்பாருங்கள்.

போலீஸில் நம்பிக்கை மோசடிப் புகார் (பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 316) கொடுக்கலாம்தான். ஆனாலும் அதை முதலில் கையில் எடுக்க நான் சொல்லமாட்டேன். போலீஸ் கைப்பற்றிக் குதிரை வழக்குச் சொத்தாகிவிட்டால், இடைக்காலப் பொறுப்புக்கு உத்தரவு வரும்வரை பழக்கமில்லாத கொட்டகையில், தீனி மாறி நிற்க வேண்டியிருக்கும். திடீரென்று தீனி மாறினால் வயிற்றுவலி வந்து குதிரையே போய்விடலாம். ராத்திரியில் லாரி கொண்டுபோய் ஏற்றிவருவதும் வேண்டாம். அத்துமீறி நுழைந்ததாக உங்கள் மீதே வழக்கு வரும்.

சித்தப்பா இறங்கிவந்தால் வட்டச் சட்டப் பணிகள் குழு மூலம் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) முடியுங்கள். அந்தத் தீர்வு கோர்ட் தரும் டிக்ரிக்கு, அதாவது தீர்ப்பாணைக்குச் சமம், அப்பீல் கிடையாது. குதிரை அவர் தோப்பிலேயே நிற்பதாக முடிந்தாலும் சரி, வேறிடம் போனாலும் சரி, இன்னும் பத்துப் பதினைந்து வருடம் அது இருக்கக்கூடும். மாதச் செலவு எவ்வளவு, யார் ஏறலாம், இனி குட்டி போடவிடலாமா, வைத்தியச் செலவில் எந்தத் தொகைக்கு மேல் உங்களைக் கேட்க வேண்டும், எழுந்திருக்க முடியாத நிலை வந்தால் யார் முடிவெடுப்பது – இவ்வளவும் எழுத்தில் வரட்டும். அடையாளப் படங்களையும் அதோடு இணைத்து, ஒவ்வொரு படத்தின் பின்னாலும் இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.