கடலோர நிலம் வாங்கும் முன்: கேள்வி பதில்

கேள்வி: கடலோரத்தில் நிலம் பார்க்கிறோம் சார். புயல், வெள்ளம் என்று வந்தால் சில வாரமாவது வெளி உதவி இல்லாமல் தாக்குப்பிடிக்கும் இடமா என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் கிணற்றைப் பாருங்கள், அதுவும் கோடைக் கடைசியில். மழைக்காலத்தில் பல கிணறுகள் நல்ல பேர் வாங்கிவிடும். கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத்தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. மோட்டார் போட்டு அந்த 1 மீட்டரை இறைத்தால், உப்பு 40 மீட்டர் மேலேறப் பார்க்கும். அதனால் உங்கள் கிணறு மட்டுமல்ல, பக்கத்துக்காரர் எவ்வளவு இறைக்கிறார் என்பதும் உங்கள் பிரச்சினைதான்.

கேள்வி: மழைநீரை மட்டும் நம்பலாமா?

பதில்: 1 சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை விழுந்தால் 1 லிட்டர். 50 சதுர மீட்டர் கூரை, ஆண்டுக்கு 1000 மி.மீ. மழை என்றால், சிந்தியது போக 40,000 லிட்டர் தேறும். நான்கு பேருக்கு, ஆளுக்குத் தினம் 15 லிட்டர் வீதம், ஆண்டுக்கு 21,900 லிட்டர் போதும். ஆக, மழை போதும், தொட்டிதான் இடிக்கும். நான்கு மாதம் மழை இல்லையென்றால் 7,200 லிட்டர் சேமிப்பு வேண்டும். தொட்டியைத் தரைக்கடியில் கட்டாதீர்கள். கடல்நீர் ஒருமுறை புகுந்தால் மொத்தமும் பாழ்.

கேள்வி: அவசரத்துக்குக் கடல்நீரைக் காய்ச்சிக் குடிக்கலாமா?

பதில்: கூடாது. காய்ச்சக் காய்ச்ச உப்பு இன்னும் கூடும். ஆவியைப் பிடித்துக் குளிரவைத்தால்தான் குடிக்க முடியும். அதற்கு விறகு எக்கச்சக்கம்.

கேள்வி: சாப்பாட்டுக்குத்தான் மீனும் சிப்பியும் இருக்கிறதே அண்ணா?

பதில்: புயல் நேரத்தில் படகு இறங்காது தம்பி. சிப்பி விஷயத்தில் இன்னும் கவனம்: நச்சுப்பாசி பெருகும் காலத்தில் சிப்பியில் சேரும் விஷம் வேகவைத்தாலும் போகாது. தானியம் கையிருப்பில் இருக்கட்டும்.

கேள்வி: சுனாமி எச்சரிக்கை போனில் வந்துவிடும்தானே?

பதில்: வரலாம். ஆனால் நிலநடுக்கம் பக்கத்திலேயே என்றால் அலை முந்திக்கொள்ளும். 2004இல் நடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்தது சுமத்ராவை ஒட்டிய சிமெலுவே தீவு. சுமார் 78,000 பேரில் இறந்தவர்கள் 7 பேர்தான். 1907இல் வந்த அலையைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி வைத்திருந்ததால், நிலம் குலுங்கியதுமே குன்றேறிவிட்டார்கள். நிலம் நெடுநேரம் ஆடினாலோ கடல் உள்வாங்கினாலோ கிளம்பிவிடுங்கள். 30 மீட்டர் உயரம், இல்லையென்றால் 3 கிலோமீட்டர் உள்ளே. வாங்கும் முன்பே அந்த வழியை ஒருமுறை இரவில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள். வழியில் இருப்பது தாழ்வான ஒரே பாலம் என்றால், தண்ணீர் எவ்வளவு இனித்தாலும் நான் அந்த நிலத்தை வாங்க மாட்டேன்.

கேள்வி: சோலார் போடலாமா?

பதில்: தாராளமாக. உப்புக்காற்று வயர் இணைப்புகளைத்தான் முதலில் அரிக்கும். அவற்றை அடிக்கடி திறந்து பாருங்கள்; பேனலை நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.