அப்புச்சியின் சுருக்குப்பை

கேள்வி: எங்க அப்புச்சி 40 வருஷமாக வெற்றிலையோடு புகையிலை போடுகிறார். "பீடியா குடிக்கறேன், ஒண்ணும் ஆகாது கண்ணு" என்பார். இப்போது கன்னத்துக்குள் வெள்ளையாக ஒரு திட்டு. என்ன செய்ய?
– ஒரு வாசகி, அந்தியூர்

பதில்: முதலில் அந்தத் திட்டைப் பாருங்கள், அம்மணி. புகையிலையை அதக்கி வைக்கும் பக்கம்தானே இருக்கிறது? துடைத்தும் போகாமல் இரண்டு வாரம் தாண்டியும் இருந்தால், வலி இல்லையே என்று காத்திருக்காமல் பல் டாக்டரிடமோ அரசு மருத்துவமனைக்கோ கூட்டிப் போங்கள், ஏனென்றால் இப்படிப்பட்ட திட்டுகளில் சில பின்னால் வாய்ப்புற்றாக மாறும், ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. மெல்லும் புகையிலையும் புற்றுநோய் தரும், கூடச் சேரும் கொட்டைப்பாக்கு தனியாகவே தரும். பவானி, அந்தியூர்ப் பக்கம் நம் தோட்டத்திலேயே விளைவதால் பழகின செடியாகத் தெரிகிறது, எனக்கு அதுதான் வருத்தம்.

2013இல் தமிழ்நாட்டில் குட்காவைத் தடை செய்தார்கள், சரி, ஆனால் அப்புச்சியின் சுருக்குப்பையை எந்தச் சட்டமும் திறந்து பார்க்காது, வீட்டார்தான் பேச வேண்டும். அதட்டாதீர்கள். 1800-11-2356 புகையிலையை நிறுத்த உதவும் இலவச எண், தமிழிலேயே ஆலோசனை கிடைக்கும். அப்புறம், நிறுத்திய முதல் சில நாள் எரிந்து விழுவார், தூக்கம் வராது. பைக்குள் கொஞ்சம் சோம்பும் ஏலக்காயும் போட்டு வையுங்கள்.