ஷெட்டில் நிற்கும் மஸ்டாங்கும் மச்சான் சொல்லும் எலக்ட்ரிக் காரும்

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் ரைஸ் மில் வைத்திருக்கிறேன். இரண்டு வேலி நிலமும் உண்டு. வயது 46. 2017 மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஒன்றை 2019-ல் செகண்ட் ஹேண்டில் 55 லட்சத்துக்கு வாங்கினேன்; சின்ன வயது ஆசை. வருஷத்துக்கு 3,000 கி.மீ. ஓடினால் பெரிது, மற்ற நாளெல்லாம் மில் ஷெட்டில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. லிட்டருக்கு ஆறு கி.மீ.தான் கொடுக்கிறது. இப்போது 42 லட்சத்துக்குக் கேட்கிறார்கள். “பெட்ரோல் காருக்கு இனி மதிப்பே இருக்காது, எலக்ட்ரிக்குக்கு மாறிவிடு, வரிச் சலுகையும் கிடைக்கும்” என்று மச்சான் சொல்கிறார். 30 லட்சம் கடன், கொஞ்சம் கைப்பணம் போட்டு எம்.ஜி. சைபர்ஸ்டர் என்ற எலக்ட்ரிக் ஸ்போர்ட்ஸ் கார் எடுக்கலாமா? தினசரி அலைச்சலுக்குப் பழைய டீசல் கார் இருக்கிறது, மாதம் 2,000 கி.மீ. ஓடுகிறது.

பதில்: உங்கள் கேள்விக்கான பதில் நீங்கள் எழுதிய கடைசி வரியிலேயே இருக்கிறது. எலக்ட்ரிக்குக்கு மாற வேண்டியது அந்த டீசல் கார். மஸ்டாங்கைக் கடன் போட்டு மாற்ற வேண்டாம்.

எலக்ட்ரிக் காரில் மிச்சம் வருவது ஓட ஓடத்தான். மஸ்டாங் 3,000 கி.மீ.க்குக் குடிப்பது 500 லிட்டர். லிட்டர் 102 ரூபாய் என்று வைத்தால் வருஷத்துக்கு 51,000. அதே தூரத்துக்கு எலக்ட்ரிக் ஸ்போர்ட்ஸ் காருக்குச் சுமார் 600 யூனிட் போதும். யூனிட் பத்து ரூபாய் என்றால் 6,000. ஆக வருஷத்தில் மிச்சம் 45,000. இப்போது கடனைப் பாருங்கள். 30 லட்சம், 9 சதவீத வட்டி, ஏழு வருஷம்: மாதத் தவணை 48,000-க்குக் கொஞ்சம் மேல், மொத்த வட்டி பத்தரை லட்சம். ஒரு வருஷ பெட்ரோல் மிச்சம் ஒரு மாதத் தவணைக்குக் கூடப் போதாது.

அதைவிடப் பெரிய செலவு கண்ணுக்குத் தெரியாதது. சைபர்ஸ்டர் 2025 ஜூலையில் இங்கே வந்தபோது ஷோரூம் விலை 75 லட்சத்தை ஒட்டி இருந்தது. இன்ஷூரன்ஸ் அட்டவணைப்படி ஐந்தாவது வருஷத்தில் எந்தக் காரின் மதிப்பிலும் பாதி கழிந்துவிடும். அதாவது 37 லட்சத்துக்கு மேல். சந்தை இதைவிடக் கொஞ்சம் கருணை காட்டலாம், காட்டாமலும் போகலாம். உங்கள் மஸ்டாங்கோ விழ வேண்டிய பெரிய வீழ்ச்சியை ஏற்கெனவே விழுந்து முடித்துவிட்டது. அந்த நஷ்டத்தைப் புது வண்டியில் முதலிலிருந்து தொடங்குவானேன்?

மச்சான் சொல்லும் வருமான வரிச் சலுகை 80இஇபி பிரிவில் வருவது. 2023 மார்ச் 31-க்குள் அனுமதியான கடன்களுக்குத்தான் அது. புதுக் கடனுக்குக் கிடையாது. எலக்ட்ரிக்குக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், பெரிய பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40 என்ற வித்தியாசம் உண்மையான லாபம்.

இதே கணக்கை டீசல் காருக்குப் போடுங்கள். வருஷம் 24,000 கி.மீ., லிட்டருக்கு 13, டீசல் 94 ரூபாய் என்றால் சுமார் 1,73,000. நடுத்தர எலக்ட்ரிக் கார் ஒன்றுக்கு சார்ஜிங் இழப்பையும் சேர்த்து 50,000-க்குள் முடியும். வருஷம் ஒன்றேகால் லட்சம் மிச்சம்! தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் என்று ஒரே நாளில் சுற்றி வந்தாலும் உங்களுக்குச் சுமார் 150 கி.மீ.தான், ராத்திரி வீட்டில் போட்ட சார்ஜே தாங்கும். பேட்டரிக்குப் பல கம்பெனிகள் 8 வருஷம் அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி தருகின்றன. உங்கள் ஓட்டத்துக்கு ஆறு வருஷத்துக்கு மேல் வரும். டீசல் கார் ரிப்பேர் கேட்க ஆரம்பிக்கும்போது மாற்றுங்கள், அவசரம் இல்லை.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். வயலில் பம்ப்செட்டுக்கு வரும் இலவச மின்சாரத்தில் காருக்கு சார்ஜ் போடக் கூடாது. அது விவசாயத்துக்கென்று கொடுத்த இணைப்பு. மாட்டினால் அபராதம், இணைப்பே போனாலும் போகும். ஈ.பி. ஆபீஸில் வீட்டு இணைப்பின் லோடைக் கூட்டி வாங்குங்கள். அப்புறம், வீட்டில் எண்ணெயில் ஓடும் வண்டி ஒன்றாவது இருக்கட்டும். 2018 நவம்பரில் கஜா அடித்த பிறகு டெல்டாவில் எத்தனை ஊர்கள் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, மஸ்டாங்கை என்ன செய்வது? நெல் கொள்முதல் சமயத்தில் மில்லின் சி.சி. கணக்கு, அதாவது சரக்கின் பேரில் பேங்க் தரும் கேஷ் கிரெடிட் கடன், லிமிட்டை முட்டிக்கொண்டு நிற்கிறதா? அப்படியென்றால் 42 லட்சத்துக்கு விற்று அந்தக் கடனை இறக்குங்கள். எந்த முதலீட்டையும்விட அது நல்லது. சொந்த உபயோகத்துக்கு உங்கள் பெயரில் இருக்கும் கார் என்றால் விற்பனைக்கு மூலதன ஆதாய வரி வராது. மில் கணக்கில் காட்டியிருந்தால் ஆடிட்டரைக் கேட்டுக்கொண்டு விற்க வேண்டும். கிளெய்ம் கேட்காத வருஷங்களுக்கு இன்ஷூரன்ஸில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் சான்றிதழை மட்டும் கையோடு வாங்கிவிடுங்கள், அடுத்த காருக்குப் பயன்படும்.

மில்லுக்கு நெருக்கடி இல்லையென்றால் தாராளமாக வைத்திருங்கள். ஆசைப்பட்டு வாங்கிய வண்டியை மற்றவர் பேச்சுக்காக விற்றுவிட்டு ஏங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் ஃபோர்டு 2021-ல் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. மஸ்டாங்குக்கு எந்தப் பெரிய பாகமும் இறக்குமதிதான், காத்திருக்கவும் வேண்டும். சம்பா நெல் காசு வந்ததும் ஒன்றரை லட்சத்தைத் தனியாக வேண்டும்போது சீக்கிரம் எடுக்கக்கூடிய ஒரு லிக்விட் ஃபண்டில் போட்டு, இந்தக் காருக்கென்றே வையுங்கள். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால்; அது ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் டேங்கில் பெட்ரோலைக் கிடக்க விடாமல் அவ்வப்போது ஓட்டுங்கள்.

மில் ஷெட் என்கிறீர்கள், நெல் மூட்டை இருக்கும் இடத்தில் எலி இருக்கும். ஒயரைக் கடித்தால் கிளெய்ம் உண்டா என்று இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தாழ்வான வண்டி என்பதால் எஞ்சின் புரொடெக்ட் என்ற கூடுதல் கவரும் வேண்டும். தேங்கிய தண்ணீரில் ஸ்டார்ட் செய்து எஞ்சின் போனால் சாதாரண பாலிசி பணம் தராது. எட்டு வருஷம் தாண்டிய காருக்கு எல்லாக் கம்பெனியும் இந்தக் கவரைத் தருவதில்லை, நாலு இடத்தில் விசாரியுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள்.