எல்லாரும் வில்லாளியையே எடுக்கிறார்கள், என்ன செய்வது?

கேள்வி: நானும் என் நண்பனும் மன்னார்குடியில் இருந்துகொண்டு ஓர் ஆக்‌ஷன் ஆர்பிஜி கேம் (ஒரு பாத்திரத்தை வளர்த்துக்கொண்டே சண்டை போடுகிற வகை) செய்கிறோம். சோழர் காலத்துக் காவிரிக் கரையில் நடக்கிற கதை. ஆடுகிறவர் எடுத்துக்கொள்ள வாள்வீரன், வில்லாளி, மந்திரவாதி என்று 3 கிளாஸ், அதாவது பாத்திர வகை. கல்லூரி ஹாஸ்டலில் விளையாடக் கொடுத்தால் எல்லாரும் வில்லாளியையே எடுக்கிறார்கள். பில்டும் (எந்தத் திறமைகளைச் சேர்த்து ஆளை உருவாக்குவது என்ற தேர்வு) ஒரே மாதிரிதான் போடுகிறார்கள்: பாயின்ட் கொடுத்துத் திறமைகளை வாங்கும் ஸ்கில் மரத்தில், டேமேஜை, அதாவது அடியின் பலத்தை, 20 சதவீதம் கூட்டும் 10 இடங்களையும் வாங்கிவிட்டுத்தான் மற்றதைப் பார்க்கிறார்கள். ஓர் அம்பின் டேமேஜை 40-லிருந்து 28 ஆகக் குறைத்தோம். இப்போது போரடிக்கிறது என்கிறார்கள், ஆனாலும் வில்லாளியை விடவில்லை. நான்காவதாக ஒரு கிளாஸ் சேர்க்கலாமா?

பதில்: முதல் வேலையாக அந்த 28-ஐ மறுபடி 40 ஆக்குங்கள். கோளாறு அம்பில் இல்லை, வயலில் இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய படங்களில் ஆரம்ப மேப் எல்லாமே திறந்த நெல்வயல். டெல்டா அப்படித்தான், கண்ணுக்கு எட்டிய தூரம் தட்டையாகக் கிடக்கும். அந்த நிலத்தில் எதிரி கிட்டே வருவதற்குள் வில்லாளி ஐந்தாறு அம்பு விட்டுவிடுவான். வாள்வீரன் ஓடிப்போய்ச் சேர வேண்டும், அடி விழும்போது விலக வேண்டும், மறுபடி சேர வேண்டும். ஒரு சண்டை 60 விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் வில்லாளி 50 விநாடி அடிக்கிறான், வாள்வீரன் 25 விநாடிதான் அடிக்கிறான் என்றால், விநாடிக்கு இருவருக்கும் ஒரே டேமேஜ் கொடுத்திருந்தாலும் வாள்வீரன் செய்வது பாதிதான். அம்பின் பலத்தைக் குறைத்ததால் இந்தக் கணக்கு மாறவில்லை, சண்டைதான் நீண்டது. போரடிக்கிறது என்று அவர்கள் சொல்வது அதைத்தான். எனவே ஒவ்வொரு சண்டையிலும் அடித்துக்கொண்டிருந்த விநாடி எத்தனை, வாங்கிய அடி எவ்வளவு என்று கேமையே ஒரு ஃபைலில் எழுதவையுங்கள். டேமேஜ் அட்டவணையைவிட அந்த ஃபைல் அதிகம் சொல்லும்.

அப்புறம் மேப். இதே டெல்டாவில் நெருக்கமான இடங்களுக்குப் பஞ்சமே இல்லை: வாழைத்தோப்பு, மூங்கில் கொத்து, நாணல் மண்டிய படுகை, கோயில் பிராகாரத்தின் தூண் வரிசை. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையே ஒரு மேப் ஆக்கலாம். சேற்றிலிருந்து மூச்சுவேர்கள் குத்திட்டு நிற்க, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத இடத்தில் வில்லுக்கு இருந்த சௌகரியம் போய்விடும். ஓர் ஆள் மட்டும் நடக்கக்கூடிய வரப்பில் எதிரிகள் வரிசையாகத்தான் வர முடியும். அங்கே கேடயத்தோடு நிற்கிற ஒருவன் பத்துப் பேரை மறிக்கலாம், துளைத்துப் போகிற ஓர் அம்பு அத்தனை பேரையும் தொடலாம். இடமும் எதிரியும் ஒரே மாதிரி இருந்தால் ஆட்டக்காரரும் ஒரே வழியைத்தான் தேடுவார். எல்லாரும் ஒரே பில்ட் போடுவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

கிட்டே போய் அடிக்கிறவனுக்கு இயல்பாகவே கொஞ்சம் தாங்கும் சக்தியும் வேண்டும். 2012-இல் வந்த டயாப்லோ 3 கேமில், கிட்டே போய் அடிக்கிற கிளாஸ்களான பார்பேரியனுக்கும் மங்க்குக்கும், வாங்கும் டேமேஜில் 30 சதவீதம் தானாகவே குறையும்படி வைத்திருந்தார்கள். நீங்களும் அந்த அளவில் ஆரம்பித்துப் பார்க்கலாம்.

எல்லாரும் ஒரே பில்ட் போடுவதற்கு மீதிப் பாதிக் காரணம் உங்கள் ஸ்கில் மரம். அந்த 20 சதவீதங்களை ஒன்றோடொன்று பெருக்குகிறீர்கள். 100-இல் தொடங்கினால் 5 இடம் வாங்கியவருக்கு 249, 10 இடமும் வாங்கியவருக்கு 619. இரண்டரை மடங்கு வித்தியாசம் இருக்கும்போது வேறு எதிலாவது பாயின்ட் போட யாருக்கு மனசு வரும்? அதையே கூட்டினால் 200, 300 என்று நிற்கும், ஒன்றரை மடங்குதான். பாத் ஆஃப் எக்சைல் என்ற கேம் இந்த இரண்டையும் தனித்தனிச் சொல்லால் பிரித்தே வைத்திருக்கிறது: ‘இன்க்ரீஸ்டு’ என்று இருந்தால் கூட்டல், ‘மோர்’ என்று இருந்தால் பெருக்கல். உங்கள் கேமில் பெருக்கலை இரண்டு மூன்று இடத்தோடு நிறுத்துங்கள், அதற்கும் ஒரு நிபந்தனை வையுங்கள்.

எண்ணைக் கூட்டுவதைவிட, ஸ்கில் வேலை செய்கிற விதத்தையே மாற்றுகிற இடங்கள் எனக்குப் பிடிக்கும். அம்பு துளைத்துப் போகும், ஆனால் நின்ற இடத்தில் நின்றால்தான். அல்லது ஓடிக்கொண்டே விடலாம், ஆனால் துளைக்காது. ஒரே வில்லாளி இரண்டு ஆளாகிவிடுகிறான்.

போட்ட பாயின்ட்டைத் திரும்ப எடுக்கவும் விடுங்கள். 2000-இல் வந்த டயாப்லோ 2-இல் அந்த வசதி 2010-இல், 1.13 பேட்ச்சில்தான் (கேமைத் திருத்த வெளியிடும் அப்டேட்) வந்தது. தப்பாகப் போட்டால் முதலிலிருந்து ஆட வேண்டும் என்ற பயம் இருந்தால், ஏற்கெனவே நல்லது என்று தெரிந்த பில்டைத்தான் எல்லாரும் போடுவார்கள்.

இனிமேல் எதையாவது குறைக்கும் முன் யோசியுங்கள். 2023 ஜூனில் வந்த டயாப்லோ 4, அடுத்த மாதமே 1.1.0 பேட்ச்சில் கிளாஸ்களின் பலத்தைப் பரவலாகக் குறைத்தது. ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள், இப்படி ஒரு பேட்ச் இனி விடும் எண்ணம் இல்லை என்று அந்தக் குழுவே சொல்ல வேண்டியதாயிற்று. உங்களுடையது தனியாக ஆடுகிற கேம். பலமான பில்டுக்கும் பலவீனமானதற்கும் இரண்டு மடங்குக்குள் வித்தியாசம் இருந்தால் நான் அதைத் தொடவே மாட்டேன்.

நான்காவது கிளாஸ் இப்போது வேண்டாம். இரண்டே பேர் இருக்கிற குழுவுக்கு அதன் அனிமேஷன் வேலையே பெரிய சுமை. கிரிம் டான் கேமில் இரண்டு கிளாஸைச் சேர்த்து ஒரே ஆளாக ஆடலாம். 2019 வரை வந்த விரிவாக்கங்களையும் சேர்த்து 9 கிளாஸ் இருந்ததால் 36 ஜோடி கிடைத்தது. உங்களிடம் உள்ள மூன்றிலேயே தனியாக 3, ஜோடியாக 3 என்று 6 வகை வரும். வாள்வீரனின் கேடயத்தையும் மந்திரவாதியின் நெருப்பையும் ஒரே ஆளிடம் கொடுத்து, வரப்பு மேப்பில் முதலில் ஓட்டிப் பாருங்கள்.