பிளானில் இல்லாத மாடி: பழைய வீடு வாங்குவோர் கேட்டவை

வங்கிக் கடனுக்காக வீடுகளை அளந்து மதிப்பு போடுவது என் வேலை. வீடு வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளில் முக்கால்வாசி ஒரே ரகம்: வீடு பிடித்திருக்கிறது, விலையும் தோதாக இருக்கிறது, ஆனால் மாடிக்கோ பின்கட்டுக்கோ அப்ரூவல் இல்லை. தமிழ்நாட்டு விதிகளை வைத்துச் சொல்கிறேன்.

அம்பத்தூரில் அரை கிரவுண்டு வீடு. 1994-ல் தரைத்தளத்துக்கு மட்டும் அனுமதி. 2003-ல் மாடியும், அதன்மேல் ஒரு அறையும் கட்டியிருக்கிறார்கள். "இருபது வருஷமா வரி கட்டறேன், கரண்ட் பில் என் பேர்ல, ஒருத்தரும் கேட்டதில்லை" என்கிறார் உரிமையாளர். வாங்கலாமா?

அவர் பொய் சொல்லவில்லை, யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்தான். ஆனால் வரி போட வருகிறவர் எத்தனை சதுர அடி என்று பார்ப்பாரே தவிர, அனுமதி உண்டா என்பது அவர் கவலை இல்லை. பட்டா நிலத்துக்கு, வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களுக்கு. ஃபைல் தடிமனாக இருக்கும், மாடியின் அனுமதி பற்றி மட்டும் ஒரு வரிகூட இருக்காது. 2024 டிசம்பர் 17-ல் மீரட் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதைத்தான்: காலம் கடந்துவிட்டது, அதிகாரிகள் சும்மா இருந்தார்கள், பணம் போட்டுவிட்டோம் என்பதெல்லாம் விதிமீறிய கட்டடத்தைச் சரியாக்கிவிடாது. பணி நிறைவுச் சான்றைப் பார்த்துவிட்டுத்தான் கடன் தர வேண்டும் என்று வங்கிகளுக்கும் அதில் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் இப்போது கறாராக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதற்காக வீட்டையே விட்டுவிட வேண்டியதில்லை. 2007 ஜூலை 1-க்கு முன் கட்டி முடித்த கட்டடங்களை வரன்முறைப்படுத்த (ரெகுலரைஸ் செய்ய), நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-சி பிரிவில் அரசு 2017-ல் விதிகள் கொண்டுவந்தது. இந்த மாடி 2003 என்பதால் அந்தத் தேதிக்குள் வருகிறது. அவர் அதில் விண்ணப்பித்தாரா, ஆணை வந்ததா என்று கேளுங்கள். விண்ணப்ப ரசீதை நீட்டினால் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள், ரசீது ஆணை ஆகாது.

ஆணை இல்லையென்றால் டேப்பை எடுக்க வேண்டியதுதான். 1,200 சதுர அடி மனையில் கீழே 900, மேலே 900, மொட்டை மாடி அறை 300 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,100, அதாவது மனையைப்போல 1.75 மடங்கு. அன்றைக்குச் சென்னைப் பகுதியில் பொதுவாக 1.5 வரைதான் விட்டார்கள். 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் அது 2 ஆகிவிட்டது. ஆக, அன்று மீறலாக இருந்த பரப்பு இன்றைய கணக்குக்குள் அடங்கிவிடுகிறது. அடங்காமல் நிற்பது செட்பேக், அதாவது கட்டடத்துக்கும் மனை எல்லைக்கும் நடுவே விட வேண்டிய காலியிடம். பக்கவாட்டுச் சந்தில் இழுத்துவிட்ட மாடிப்படி, பின்னால் காம்பவுண்டை ஒட்டி எழுப்பிய பாத்ரூம், இவை எந்த விதி வந்தாலும் அதற்குள் அடங்காது. அந்தத் துண்டை மட்டும் எடுத்துவிட்டுத் திருத்திய பிளான் போட முடியுமா என்று பதிவு பெற்ற இன்ஜினியரிடம் கேளுங்கள். அதற்கு ஆகும் செலவு விற்பவருடையது.

பிளான் தொலைந்துவிட்டது என்கிறார்கள்.

தொலைந்திருக்கலாம், இல்லாமலே இருந்திருக்கலாம். பழைய பத்திரத்திலோ அவர் வாங்கிய கடனின் பேப்பரிலோ அனுமதி எண் இருக்கும். அதை வைத்து மாநகராட்சியிலோ சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.விலோ தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேட்கச் சொல்லுங்கள். எண்ணே கிடைக்கவில்லை என்றால் பிளான் இல்லாத வீடு என்றே வைத்துப் பேரம் பேசுங்கள்.

தாம்பரம் பக்கம் வீடு. "ரெகுலரைஸ் ஆகிவிட்டது" என்று ஆணையே காட்டினார்கள். போதுமா?

ஆணையை முழுசாகப் படித்தீர்களா? 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான அங்கீகாரமற்ற மனைகளுக்கு ஒரு வரன்முறைத் திட்டம் வந்தது, பெரும்பாலும் அந்த ஆணையாகத்தான் இருக்கும். அது மனைக்கு. மேலே நிற்கும் வீட்டுக்கு அனுமதி தனி.

பழைய அபார்ட்மென்ட்டில் மொட்டை மாடியில் கட்டிய ஒற்றை ஃபிளாட். காற்றோட்டம் பிரமாதம், விலையும் குறைவு.

விலை ஏன் குறைவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு கிரவுண்டு, 4,800 சதுர அடி. கீழே எட்டு வீடு, ஒவ்வொன்றின் பத்திரத்திலும் யூ.டி.எஸ்., அதாவது பிரிக்கப்படாத நிலப் பங்கு, 600. எட்டு அறுநூறு 4,800. ஒன்பதாவது வீட்டுக்கு நிலம் எங்கிருந்து வந்தது? உங்கள் பத்திரத்தில் 300 என்று எழுதியிருந்தாலும் அது காற்றில் எழுதியதுதான். நாளைக்கு இடித்துக் கட்டும்போது பங்கு போடுவது யூ.டி.எஸ். கணக்கில். போதாததற்கு மொட்டை மாடி எல்லாருக்கும் பொது, கீழ்வீட்டுக்காரர் ஒருவர் கோர்ட்டுக்குப் போனாலே போதும். இதை மட்டும் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஹாலுக்கும் கிச்சனுக்கும் நடுவில் இருந்த சுவரை எடுத்து "ஓப்பன் கிச்சன்" ஆக்கியிருக்கிறார்கள். பேப்பர் கிடக்கட்டும், வீடு பத்திரமா?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான், கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். தூண் போட்டுக் கட்டிய வீட்டில் நடுச்சுவர் வெறும் தடுப்பு. பழைய ஒன்பது அங்குலச் சுவர் வீடுகளில் தூண் கிடையாது, கூரையின் பாரம் முழுக்கச் சுவரில் இறங்கும். போன வருஷம் ஒரு வீட்டில் காலண்டரைக் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டியிருந்தார்கள். நாற்காலி போட்டு ஏறித் தூக்கிப் பார்த்தால், கதவு, ஜன்னலுக்கு மேல் வருமே லின்டல், அதன் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல், என் கட்டைவிரல் நகம் உள்ளே போகிறது. அதற்கு நேர் மேலே ஆயிரம் லிட்டர் டேங்க், நிரம்பினால் ஒரு டன். எடுத்த சுவருக்குப் பதில் பீம் போட்டார்களா, அதன் இரண்டு முனையும் எதில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். வீடு முழுக்கப் பழைய பெயின்ட், ஒரே ஒரு சுவருக்குப் புதுசு என்றால் அதைச் சுரண்டச் சொல்லுங்கள். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்க்காமல் அட்வான்ஸ் வேண்டாம்.

மாடியைக் காட்டாமல் தரைத்தளம் மட்டும் பத்திரத்தில் எழுதினால் செலவு மிச்சம் என்கிறார் புரோக்கர்.

முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் என்பதால் ஆசை வரும். பதிவுத்துறை நேரில் பார்க்க வந்தால் குறைவாகக் கட்டியதைக் கேட்கப் போவது உங்களை, அவரை அல்ல. நீங்கள் விற்கும்போது உங்கள் பத்திரத்திலேயே மாடி இருக்காது.

பத்து லட்சம் குறைக்கிறேன் என்கிறார்கள். நியாயமா?

அனுமதி இல்லாத பகுதிக்கு வங்கி பெரும்பாலும் மதிப்பு போடாது. நிலமும் தரைத்தளமும் சேர்த்து எழுபது லட்சம் என்று நான் எழுதினால் கடன் அதற்குத்தான், மாடியையும் சேர்த்துத் தொண்ணூறு பேசியிருந்தால் மீதி உங்கள் கையிலிருந்து. பேரத்தை எழுபதிலிருந்து தொடங்குங்கள். அப்புறம் ஒப்பந்தத்தில் ஒரு வரி: பிளானுக்கும் கட்டடத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் முழுசும் திருப்பித் தர வேண்டும். "அதெல்லாம் வழக்கமில்லை சார்" என்பார் புரோக்கர். எழுதச் சொல்லுங்கள்.