மலைத்தேன் ஏன் பொங்குது? கொடைக்கானல் தேன் ஏன் உறையுது? – கேள்வி பதில்

கோவை: அண்ணா, கோத்தகிரிப் பக்கம் வாங்கின மலைத்தேன். மூடியைத் திறந்ததும் புஸ்ஸுன்னு பொங்கிடுச்சு. கலப்படமா?

கலப்படம்னு அதை வைத்துச் சொல்ல முடியாது. ஈரம் கூடுதலான தேன். மலைத்தேனீ பாறை இடுக்கிலும் உயர்ந்த மரத்திலும் திறந்தவெளியில் ஒற்றை அடை கட்டும். நீலகிரிப் பழங்குடிகளான குறும்பர்கள் கயிற்று ஏணியில் இறங்கி எடுப்பது இந்தத் தேனைத்தான். மழை நெருங்கும் நேரத்தில் எடுத்தால் ஈரம் ஏறியிருக்கும். 20 சதவீதத்தைத் தாண்டினால் தேனிலேயே இருக்கும் ஈஸ்ட் புளிக்கவைக்கும் வேலையைத் தொடங்கிவிடும். அடையைப் பிழிந்து எடுத்தால் மகரந்தமும் சேர்ந்து வரும். அது நுரையைக் கூட்டும்.

ஈரத்தைப் பார்க்க வீட்டுத் தராசே போதும். ஒரு பாட்டிலில் 500 கிராம் தண்ணீர் ஊற்றி மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். துடைத்து நன்றாகக் காயவைத்து, அதே குறி வரை தேன். நுரை அடங்கிய பிறகு பாட்டில் எடை போகத் தேன் 700 கிராமுக்கு மேல் நின்றால் நல்லது. 690 போலக் குறைந்தால் பிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். சர்க்கரைப் பாகும் இதே எடை நிற்கும் என்பதால் கலப்படத்தை இது காட்டாது. தீக்குச்சி, தண்ணீர் டம்ளர் சோதனைகளும் காட்டாது.

பண்ணைக்காடு: ஐயா, காபித் தோட்டத்தில் 12 தேனீப் பெட்டி வைத்திருக்கிறேன். காபிப்பூத் தேன் தனியாக எடுக்க முடியுமா?

கொஞ்சம்தான் கிடைக்கும். கோடை மழை விழுந்து ஒன்பது பத்து நாளில் காபி பூக்கும், மூன்று நாலு நாளில் வாடிவிடும். மழை விழுந்த அன்றே பெட்டியின் மேல் தட்டான தேன் அறையில் இருக்கிற பழைய தேனை எடுத்துவிட்டு, காலி அடைச் சட்டங்களை வையுங்கள். பூ முடிந்ததும் தினமும் பாருங்கள்: அடையின் கண்களில் முக்கால் பங்கு மெழுகு மூடியதும் தேன் எடுக்கும் இயந்திரத்தில் சுற்றி எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் அவசரப்பட்டால் ஒரு மாதத்தில் புளிக்கும். தாமதித்தால் நிழல் மரமான சில்வர் ஓக் தேனும் கலந்துவிடும். புழுக்கள் வளரும் கீழ் அறைச் சட்டத்தைத் தொடாதீர்கள், மழைக்காலத்துக்கு அதில் இருக்கும் தேன்தான் கூட்டத்தின் சாப்பாடு.

குன்னூர்: நாவல் தேன்னு கொடுத்தாங்க, கசக்குது சார்.

அப்படித்தான் இருக்கும். முதலில் இனிப்பு, பிறகு நாக்கின் அடியில் கசப்பும் துவர்ப்பும். அதைப் பாலில் கலந்து கெடுக்காமல் தனியாகச் சாப்பிடுங்கள்.

ஊட்டி: யூகலிப்டஸ் தேனில் தைல வாசனை தூக்கலாக அடிக்க வேண்டுமா?

தைலம் இலையில் இருப்பது. பூவின் தேனில் லேசான மூலிகை மணம் வரலாம், அவ்வளவுதான். மூக்கைத் துளைத்தால் வாங்காதீர்கள்.

கொடைக்கானல்: குறிஞ்சித் தேன் வருஷா வருஷம் விற்கிறாங்களே?

நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒரு முறை. 2006, 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. வேறு குறிஞ்சி வகைகள் வேறு கணக்கில் பூக்கும். எந்தக் குறிஞ்சி, எந்த ஆண்டு எடுத்தது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பல பூ தேன் என்ற விலைதான் கொடுக்கலாம்.

கொடைக்கானல், இன்னொருவர்: மார்கழியில் பாட்டில் முழுக்க உறைஞ்சு போச்சு.

குளுக்கோஸ் மிகுந்த தேன் 14 டிகிரி அளவில் வேகமாக உறையும். உங்கள் வீட்டு அலமாரியே அந்தக் குளிரில்தானே இருக்கும். பாத்திரத்தின் அடியில் துணி போட்டு, கை பொறுக்கும் சூட்டில், அதாவது 40 டிகிரியில், தண்ணீர் ஊற்றிக் கண்ணாடி பாட்டிலை நிறுத்துங்கள். மூடி தளர்வாக இருக்கட்டும். ஆற ஆறத் தண்ணீரை மாற்றுங்கள். அரை கிலோவுக்குச் சில மணி நேரம் ஆகலாம். அடுப்பில் வைத்தால் மணம்தான் முதலில் போகும்.

கூடலூர்: கொசுத்தேன் புளிப்பாக இருக்கு. என் பத்து மாதக் குழந்தைக்குக் கொடுக்கலாமா அண்ணா?

கொசுத்தேன் என்பது கொட்டாத சின்னத் தேனீயின் தேன், புளிப்பு அதன் இயல்பு. ஈரமும் அதிகம், பிரிட்ஜில்தான் நிற்கும். ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்கு எந்தத் தேனும், நாக்கில் தொட்டு வைக்கிற அளவுகூட, கூடாது. தேனில் இருக்கக்கூடிய பாட்டுலிசம் கிருமியின் வித்துகள் அந்த வயதுக் குடலில் முளைத்து நஞ்சாகும். காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாகாது.