ட்ரெஷர் கேம்ஸ் பத்தி கேளுங்க, சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருக்கேன்

வீட்ல எல்லாரும் கல்யாணத்துக்குப் போயாச்சு, எனக்கு லேசா காய்ச்சல்னு சொல்லி தப்பிச்சுட்டேன். ட்ரெஷர்னு ஒரு ஜப்பான் கம்பெனி, அவங்க பண்ண வீடியோ கேம்ஸ் மேல இருபது வருஷமா பைத்தியம் எனக்கு, அதனால அத பத்தி மட்டும் கேளுங்க. அதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். டிவில கேம் மோட் போட்டுட்டு ஆடுங்க, அப்போ தான் பட்டன் அமுக்குனது தாமதமில்லாம திரைல வரும். பழைய மெஷின்ல சொருகற கேம் டப்பா இருக்கே, கார்ட்ரிட்ஜ், அதுல டூப்ளிகேட் வாங்காதீங்க. இத இன்னைக்கு பத்து தடவ சொல்லுவேன்.

மொட்டமாடி: அண்ணே, பேரு கேள்விப்பட்டிருக்கேன், ஆனா யாரு இவங்க?

1992ல கொனாமின்ற பெரிய கேம் கம்பெனில இருந்து கொஞ்ச பேர் வெளிய வந்து ஜப்பான்ல ஆரம்பிச்ச சின்ன கம்பெனி, தலைவர் மசாடோ மாயேகாவா. கொனாமி அப்போ ஓடுற கேமுக்கே அடுத்தடுத்த பாகம் போட்டுட்டு இருந்துச்சு, இவங்களுக்கு புதுசா பண்ணணும், சரின்னு கிளம்பிட்டாங்க. சேகா கம்பெனியோட மெகா டிரைவ்ன்ற கேம் மெஷினுக்கு 1993ல முதல்ல வந்தது கன்ஸ்டார் ஹீரோஸ், அதே வருஷம் மெக்டொனால்ட்ஸ் கோமாளிய வச்சும் ஒரு கேம் வந்துச்சு, சிரிக்காதீங்க, அதுவும் நல்லாவே இருக்கும். இவங்க கேம்ல எனக்குப் புடிச்சதே ஒண்ணு தான், ஒவ்வொண்ணுலயும் நடுவுல ஒரே ஒரு விதி இருக்கும், மத்த எல்லாம் அத சுத்தி தான் ஓடும். மிஸ்சீஃப் மேக்கர்ஸ்ல புடிச்சு உலுக்கறது, இகாருகால கலர் மாத்தறது. அந்த விதி புரியற வரைக்கும் கேம் உங்கள போட்டு மிதிக்கும், புரிஞ்சதும் வேற கேம் மாதிரி இருக்கும்.

ரெண்டுபேர்ஆட்டம்: கன்ஸ்டார்ல எந்த கன் பெஸ்ட்? நானும் தம்பியும் மூணாவது தடவ ஆடறோம்.

அப்பாடா, நல்ல கேள்வி. அடிப்படை கன் நாலு: ஃபோர்ஸ், லைட்னிங், சேசர், ஃபயர். கைல ரெண்ட வச்சு கலக்கலாம், ஒரே கன்னையே ரெண்டு தடவ எடுத்தும் கலக்கலாம், மொத்தம் 14 விதம் வரும். எல்லாரும் லைட்னிங்கும் சேசரும் எடுப்பாங்க, அது தானா எதிரிய தேடிப் போய் அடிக்கும், நீங்க பட்டனை அமுக்கிட்டு டீ குடிக்கலாம். ஆனா அடி ரொம்ப மெல்ல விழும், பாஸ், அதாவது ஸ்டேஜ் கடைசில வர்ற பெரிய எதிரி, அவன்கிட்ட போனா விடிஞ்சுடும். என் ஓட்டு ஃபயரும் லைட்னிங்கும், வாள் மாதிரி கிட்டத்துல மட்டும் தான் எட்டும், ஆனா பாஸ் மூஞ்சில போய் நின்னீங்கன்னா கரைஞ்சுடுவான். அதுக்கு தைரியம் வேணும், அத விட முக்கியமா தூக்கி எறியறது தெரியணும். எதிரி பக்கத்துல வந்தா சுடாதீங்க, புடிச்சு வீசுங்க. பாதி பேருக்கு இந்த கேம்ல தூக்கி எறிய முடியும்னே தெரியாது. தம்பிய சேசர் எடுக்க விடுங்க, நீங்க கிட்டப் போங்க, சுரங்க தண்டவாளத்துல வர்ற செவன் ஃபோர்ஸ்ன்ற பாஸ் உருவம் மாத்தி மாத்தி வர்றப்போ இந்த ஜோடி தான் தாங்கும்.

புதுக்கை: தல எதுல ஆரம்பிக்கலாம்?

கன்ஸ்டார் ஹீரோஸ். நின்டெண்டோ ஸ்விட்ச் மெஷினோட சந்தா சேவை, ஸ்விட்ச் ஆன்லைன், அதுல மெகா டிரைவ் லிஸ்ட்ல இருக்கு.

பழையசாமான்: ஏலியன் சோல்ஜர் கார்ட்ரிட்ஜ் ஒருத்தர்கிட்ட மலிவா வருது, பாக்ஸோட. வாங்கலாமா?

மலிவா வருதுன்னா அது டூப்ளிகேட். நானும் ஒரு தடவ ஆசப்பட்டு வாங்குனேன், அட்டை படம் லேசா மங்கல், பிரிச்சுப் பாத்தா உள்ள நகம் சைஸ்ல ஒரு போர்டு, மேல ஒரு கருப்பு கோந்து உருண்டை. ரெண்டு மாசத்துல செத்துடுச்சு. இந்த கேம் 1995ல மெகா டிரைவோட கடைசி காலத்துல ஜப்பான்லயும் ஐரோப்பாலயும் மட்டும் தான் கார்ட்ரிட்ஜா வந்துச்சு, அமெரிக்கால சேகா சேனல்னு கேபிள் டிவி வழியா கேம் குடுத்த சேவைல மட்டும். அதனால "அமெரிக்க ஒரிஜினல்"னு யாராவது காட்டுனா ஓடிடுங்க. இதுவும் ஸ்விட்ச் ஆன்லைன்ல இருக்கு, முதல்ல அதுல ஆடிப் பாருங்க, 25 ஸ்டேஜ், 31 பாஸ், நடுவுல மூச்சு விட இடமே கிடையாது, எல்லாருக்கும் புடிக்காது. ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோங்க, எதிரி தோட்டாவ சரியான நேரத்துல தட்டுனா அது உயிரா மாறும். அது தெரியாம ஆடிட்டு கஷ்டமா இருக்குன்னு சொல்றவங்க தான் நெறைய.

ராத்திரிஷிஃப்ட்: ப்ரோ எந்த கேம் முதல்ல ஆடணும்

ரெண்டு கேள்விக்கு மேல பாருங்க.

கரும்பலகை: இகாருகாவ எல்லாரும் தலைல தூக்கி வச்சு ஆடறாங்க. எனக்கு அது குருட்டு மனப்பாடமா தான் தெரியுது. எதிரி ஒரே இடத்துல ஒரே நேரத்துல வருவான், நீங்க பாடம் ஒப்பிக்கற மாதிரி ஒப்பிக்கறீங்க. இதுல என்ன திறமை?

வாங்க வாங்க, இதுக்கு தான் காத்துட்டு இருந்தேன். தெரியாதவங்களுக்கு முதல்ல: 2001ல ஆர்கேட்ல வந்துச்சு, இயக்குனது ஹிரோஷி இயூச்சி, மியூசிக்கும் அவரே தான். கப்பலுக்கு வெள்ளை, கருப்புன்னு ரெண்டு நிறம். உங்க நிறத் தோட்டா உங்கள கொல்லாது, அத முழுங்கி சக்தி சேத்துக்கலாம். எதிர் நிறத்துல சுட்டா அடி ரெண்டு மடங்கு. இந்த ஐடியா திடீர்னும் வரல, 1997ல சில்ஹவுட் மிராஜ்னு ஒண்ணு பண்ணாங்க, அதுல எந்தப் பக்கம் திரும்பி நிக்கறீங்களோ அத வச்சு உங்க தன்மை மாறும். அந்த விதைய தான் சீவி சீவி இங்க கொண்டு வந்துருக்காங்கன்றது என் கணிப்பு.

இப்போ மனப்பாடம் விஷயம். ஸ்கோருக்கு ஆடறது வேற, முடிக்க ஆடறது வேற. ஸ்கோருக்கு ஒரே நிற எதிரிங்கள மூணு மூணா சுடணும், முதல் மூணுக்கு 100, அப்புறம் ஒவ்வொண்ணும் ரெண்டு மடங்கு, ஒன்பதாவதுல 25,600 வந்து அங்கயே நிக்கும், நடுவுல ஒண்ணு தப்பா சுட்டா திரும்ப 100. அதுக்கு மனப்பாடம் வேணும், ஒத்துக்கறேன். ஆனா முடிக்கறதுக்கு விதி தெரிஞ்சா போதும். ஒரு தோட்டா கூட சுடாமலே முழு கேமையும் முடிக்கலாம் தெரியுமா? பாஸ் கூட நேரம் முடிஞ்சா தானா கெளம்பிடும். அப்படி முடிச்சா கேமே உங்களுக்கு தனிப் பட்டம் குடுக்கும்.

கரும்பலகை: சுடாம முடிக்கறதுக்கும் எங்க எந்த கலர் வரும்னு மனப்பாடம் வேணுமே. நீங்களே என் பக்கம் பேசிட்டீங்க.

இல்லைங்க. கோலம் மாதிரி பாருங்க, புள்ளி எல்லாருக்கும் ஒண்ணு தான், இழை நீங்க இழுக்கறது. ஒரே இடத்த ரெண்டு பேர் ரெண்டு நிறத்துல கடந்து போறத நான் பாத்துருக்கேன், ரெண்டுமே சரி.

கரும்பலகை: கோலத்தையும் நோட்டு பாத்து தான் போடறாங்க.

சனிகிரகம்: நடுவுல வர்றேன் மன்னிக்கணும். இதுக்கு தான் இதே ட்ரெஷரோட ரேடியன்ட் சில்வர்கன் பெட்டர்ன்றது. எந்த கன்ன அதிகமா யூஸ் பண்றீங்களோ அது வளரும், ஆளுக்கு ஆள் ஆட்டமே மாறிடும்.

சனி, அழகா சொல்றீங்க, ஆனா முழு உண்மை இல்ல. சில்வர்கன்ல கன் வளரணும்னா ஸ்கோர் வேணும், ஸ்கோர் வேணும்னா சிவப்பு, நீலம், மஞ்சள் எதிரிங்கள்ல ஒரே கலரா தொடர்ந்து அடிக்கணும். சரியா அடிக்கலைன்னா கடைசில பாஸ் முன்னாடி தீபாவளி பொட்டு வெடி வச்சுட்டு நிப்பீங்க. அதாவது அங்க முடிக்கறதுக்கே மனப்பாடம் வேணும், இகாருகால ஸ்கோருக்கு மட்டும் தான். சேகாவோட இன்னொரு மெஷின் சாட்டர்ன், அந்த வெர்ஷன்ல ஸ்டோரி மோட் கன் வளர்ச்சிய சேவ் பண்ணிக்கும், அதனால வலி கம்மி, அது வேற. எனக்கு சில்வர்கன் மேல கோவம் இல்ல, ஏழு ஆயுதமும் முதல்லயே கைல குடுத்துட்டு பவர் அப் எதுவுமே விழாதுன்னு சொல்ற துணிச்சல் 1998ல யாருக்கு இருந்துச்சு? இளஞ்சிவப்பு தோட்டாவ வாளால வெட்டி சேக்கறது ஒண்ணுக்காகவே ஆடலாம். சாட்டர்ன் டிஸ்க் விலை பாத்து மயங்கி விழாதீங்க, 2022ல ஸ்விட்ச்லயும் அடுத்த வருஷம் கம்ப்யூட்டருக்கு ஸ்டீம்லயும் வந்தாச்சு.

கரும்பலகை: அப்போ ரெண்டுமே மனப்பாடம். நன்றி.

ஒரு நிமிஷம் இருங்க, நீங்க எந்த டிவில ஆடறீங்க? கேம் மோட் போட்டீங்களா?

குட்டிப்பையன்அப்பா: பையனுக்கு ஒன்பது வயசு, சேந்து ஆட ஏதாவது?

கார்டியன் ஹீரோஸ், 1996, சாட்டர்ன்ல வந்தது. அடிதடி தான், ஆனா கதை பல வழியா பிரியும், செத்துப்போன ஒரு வீரன் எலும்புக்கூடா உங்க பின்னாடியே வருவான், அவனுக்கு நீங்க உத்தரவு போடலாம். வெர்சஸ் மோட்ல ஆறு பேர் வரைக்கும் ஆடலாம், கதைல சும்மா ஓடி ஒளியற கிராமத்து ஆளைக் கூட எடுத்துட்டு வரலாம். பையன் கண்டிப்பா அவரத் தான் எடுப்பான், உங்கள ஜெயிக்கவும் செய்வான்.

நேத்துவந்தவன்: பேயோனெட்டா அடுத்த பாகம் எப்போ வரும்?

அது பிளாட்டினம்னு வேற கம்பெனி. வேற கடை.

கைப்பிடி: சின் அண்ட் பனிஷ்மென்ட் நின்டெண்டோ 64ல கண்ட்ரோல் கையவே ஒடிக்குது.

ஒடிக்கும். 2000ல ஜப்பான்ல மட்டும் வந்துச்சு, வேடிக்கை என்னன்னா பேசறது எல்லாம் இங்கிலீஷ்ல. வெளிநாட்டுக்கு 2007ல தான் நின்டெண்டோவோட வீ (Wii) மெஷின் வழியா போச்சு. ரெண்டு ஸ்டிக் இருக்கற கண்ட்ரோலர்ல ஆடுங்க, பாதி வலி போயிடும். பக்கத்துல வர்ற ராக்கெட்ட வாளால அடிச்சா திரும்பிப் போய் பாஸ் மேலயே விழும், அத பழகிட்டீங்கன்னா கை வலி மறந்துடும்.

டிஸ்க்தேடி: ரோம், அதான் கேமோட காப்பி ஃபைல், எங்க டவுன்லோட் பண்றது?

என்கிட்ட கேக்காதீங்க.

புதியவன்2: அண்ணா ஆரம்பிக்க எது நல்லது?

கன்ஸ்டார். கன்ஸ்டார். கன்ஸ்டார். இனிமே இத கேக்கறவங்களுக்கு ஏலியன் சோல்ஜர், அதுவும் ரொம்ப கஷ்டமான சூப்பர் ஹார்ட் மோட்னு சொல்லப் போறேன்.

சும்மாதான்: இவங்க பண்ணதுல மோசமானது எதுவும் இல்லையா?

ஏன் இல்ல, அட்வான்ஸ் கார்டியன் ஹீரோஸ். பேரப் பாத்து ஓடிப்போய் ஆடுனேன், மனசு ஒடிஞ்சுது. அதே மெஷின்ல, அதாவது நின்டெண்டோவோட கைல வச்சு ஆடற கேம் பாய் அட்வான்ஸ்ல, ஆஸ்ட்ரோ பாய் ஒமேகா ஃபாக்டர் பண்ணவங்களும் இவங்க தான், சேகாவோட ஹிட்மேக்கர்ன்ற டீம் கூட சேந்து, அது தங்கம். முடிஞ்சுடுச்சுன்னு நெனச்சு மூடி வச்சுடாதீங்க, அதுக்கப்புறம் தான் பாதி கேமே இருக்கு.

கரும்பலகை: கேம் மோட் போடல, இப்போ தான் போட்டேன். வித்தியாசம் இருக்கு, மறுக்கல. ஆனா இப்பவும் செத்தேன், இப்பவும் அது மனப்பாடம் தான்.

எந்த இடத்துல செத்தீங்க? என்ன கலர்ல இருந்தீங்க?

கரும்பலகை: மூணாவது சாப்டர். கருப்பு. வெள்ளைக்கு மாறணும்னு தெரியும், அப்போன்னு பாத்து தப்பா ரெண்டு தடவ அமுக்கிட்டேன்.

அப்போ பாடம் தெரிஞ்சும் ஃபெயில். கல்யாண வீட்டு ஆளுங்க வர்ற ஆட்டோ சத்தம் கேக்குது, நான் போய் காய்ச்சலோட படுக்கணும். நாளைக்கு மூணாவது சாப்டர்ல இருந்து தொடங்குவோம்.